நான் எமர்ஜென்சி டிஸ்க் போட்ட கதை

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பாதி தெரிந்த விஷயத்தை முழுதாகத் தெரிந்தவரைவிடச் சத்தமாகச் சொல்வேன். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. (வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள், கேட்க வேண்டாம்.) குறைந்ததற்குக் காரணம் வயதோ பக்குவமோ இல்லை, ஒரே ஒரு பிளாப்பி. அதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது.

அப்போது எனக்கு இருபது வயது. ஊர் உடன்குடி பக்கம். அப்பாவும் அம்மாவும் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, அப்பா ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராகவும் அம்மா இன்னொன்றில் செக்கிங்கிலும் இருந்தார்கள். என்னை மட்டும் மிஷினில் உட்கார வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்தார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு பேர். நான் குள்ளம். அந்த ஆறு மாதத்தில் நான் பெரும்பாலும் பார்த்தது எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பின்னந்தலையையும் அவள் வைத்திருந்த கனகாம்பரத்தையும்தான். சான்றிதழில் இதெல்லாம் எழுத மாட்டார்கள். 'முதல் வகுப்பு' என்று மட்டும் எழுதினார்கள், நானும் நம்பினேன்.

அருள்புரத்தில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. கம்பெனி முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர். அதற்கென்று ஒரு ஏசி அறை. உள்ளே வருகிறவர்கள், முதலாளி உட்பட, செருப்பை வெளியே விட வேண்டும். கம்ப்யூட்டருக்கு இண்டர்லாக் துணியில், ஓரமெல்லாம் எலாஸ்டிக் வைத்து, ஓவர்லாக் அடித்து ஒரு உறை தைத்திருந்தார்கள். காலையில் அந்த உறையைக் கழற்றும்போது எனக்கு ஏதோ கர்ப்பக்கிருகத்தைத் திறப்பதுபோல இருக்கும். (நான் சர்ச்சுக்குப் போகிறவள். இருந்தாலும் அப்படித்தான் இருந்தது.)

அங்கே பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். மூலனூர்க்காரர், ஐம்பதை நெருங்கிய வயது, கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். ஒரு சட்டையைத் தூரத்திலிருந்து பார்த்தே அக்குள் கால் இஞ்ச் கூடுதல் என்று சொல்லிவிடுவார். அவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிக்கும் மாஸ்டர்தான், துணி வெட்டுகிறவர்களுக்கும் மாஸ்டர்தான், டீ கொண்டு வரும் அக்காவுக்கும் மாஸ்டர்தான். நானும் அப்படியே கூப்பிட்டேன். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அங்கே சேர்ந்து மூன்று மாதமாகியும் அவர் பெயர் என்னவென்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, இந்த மெஷர்மென்ட் சார்ட்டெல்லாம் இதுல அடிக்கறது ரொம்பச் சிரமமுங்களா?"

"பழகிட்டா ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்றேன், பிறக்கும்போதே பழகி வந்தவள்போல.

"நீங்க சாப்பிடப் போற நேரத்துல நானு கொஞ்சம் தட்டிப் பாக்கட்டுங்களா?"

எப்படிக் கட்டம் கட்டமாக நிரப்புவது, எப்படிப் பிளாப்பியில் சேமிப்பது என்று இரண்டே நிமிடத்தில் காட்டினேன். மூன்றாவது நிமிடம் எனக்குப் பொறுமை இல்லை. அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து நான் டிபன் பாக்ஸோடு வெளியே போனதும் அவர் உள்ளே வருவார். நான் திரும்பி வரும்போது ஒற்றை விரலால் ஏழாம் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார். குழந்தைகளுக்கான நைட் சூட், இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எல்லா சைஸுக்கும் மார்பு, நீளம், கை, கழுத்து, இடுப்பு எல்லாம் அதில் இருந்தன. பதினோரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் அவருக்கு அதில்தான் போனது.

"கம்ப்யூட்டர்லயே சேமிச்சு வைக்கலாமே மாஸ்டர்" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது கம்பெனி மிஷினுங்க. என்ற கிறுக்கலையெல்லாம் அதுல போட்டு அடைக்கக் கூடாதுங்க" என்றார்.

அவர் எழுதி வைத்திருந்த காகிதங்களைப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல ஏறினப்புறம் பேப்பர் எதுக்கு மாஸ்டர், குப்பை" என்று நான்தான் சொன்னேன். அவரும் மதித்து, ஏற்றிய பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டார். கடைசி நாள் பிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "இத உங்க டிராயர்ல ஒரு மூலையில வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்தாமல் 'ம்' என்றேன்.

மறுநாள் மதியம் முதலாளி பதறியடித்துக்கொண்டு வந்தார்.

"அம்மிணி, பக்கத்துக் கம்பெனில கம்ப்யூட்டரு படுத்துருச்சாமா. அதுல இருந்ததெல்லாம் போச்சாமா. நம்முளுது படுத்துட்டா என்ன பண்றது? நாளைக்குச் சென்னைல இருந்து ஆர்டர் குடுக்குற பையிங் ஆபீஸ் மேடம் வேற வர்றாங்க."

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முதலாளி என்னிடம் பயந்துபோய்க் கேள்வி கேட்கிறார். விடுவேனா?

"பயப்படாதீங்க சார். எமர்ஜென்சி ஸ்டார்ட்டப் டிஸ்க்னு ஒண்ணு போட்டு வச்சிரலாம். கம்ப்யூட்டர் செத்தே போனாலும் அதைப் போட்டா எழுந்திரிச்சிரும்."

"செத்தாலுமா?"

"செத்தாலும்."

(வகுப்பில் இந்தப் பாடம் நடந்த அன்றும் எனக்குத் தெரிந்தது கனகாம்பரம்தான். டிஸ்க் எப்படிப் போடுவது என்பது காதில் விழுந்தது. போட்ட டிஸ்க்கை வைத்து என்ன செய்வது என்பது விழவில்லை.)

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப காருக்கு ஸ்டெப்னி மாதிரிங்குற. சரி, புது பிளாப்பி வேணுமுன்னா டவுனுக்கு ஆள் அனுப்பட்டா?"

"எதுக்கு சார்? டிராயர்லயே காலி பிளாப்பி கிடக்கும்."

தேடினேன். எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் ஏதேதோ எழுதியிருந்தது. மூலையில் ஒன்று மட்டும் தனியாக இருந்தது. அதன் லேபிளில் நீல மையில், தமிழில், அழுத்தி எழுதியிருந்தார்கள்: 'காளி'.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரோ 'காலி' என்று எழுதத் தெரியாமல் 'காளி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! நான் பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கே முதல். லகர ளகரம் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த வயதில் பரிதாபமும் வரும், பரமானந்தமும் வரும். இரண்டும் வந்தன. சிவப்புப் பேனாவை எடுத்து 'ளி'யை அடித்து, மேலே அழகாக 'லி' போட்டேன். தமிழுக்குச் செய்த தொண்டு.

பிளாப்பியைச் செருகினேன். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது. அந்த மிஷினுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கப் பத்து வினாடி போதும். காலி என்று எழுதியிருப்பதைத் திறந்து பார்ப்பார்களா என்ன? சம்மதம் என்று அழுத்தினேன். உள்ளே ஏதோ முனகியது, உறுமியது, அடங்கியது. லேபிளில் மிச்சமிருந்த இடத்தில் 'எமர்ஜென்சி' என்று எழுதி முதலாளியிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்து, தம் அறையில் முருகன் படத்தின் காலடியில் வைத்தார்.

அன்று மாலை வீட்டில் நான் நடந்த நடையைப் பார்த்து அம்மா, "என்னட்டி, கால் தரையில பாவலியே?" என்றாள்.

அடுத்த நாள் பதினோரு மணிக்குப் பையிங் ஆபீஸ் மேடம் வந்தார். பெயர் உமா. கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு மூன்று கம்பெனிகளைப் பார்த்துவிட்டுச் சாயந்திரத்துக்குள் யாருக்கு ஆர்டர் என்று முடிவு செய்ய வேண்டும். அது கிடைத்தால் எங்கள் கம்பெனிக்கு நான்கு மாத வேலை. கிடைக்காவிட்டால் பாதி மிஷின்களுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான்.

முதலாளி அவரை நேராக ஏசி அறைக்குக் கூட்டிவந்தார். "மேடம், எங்க மாஸ்டரே சார்ட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சு வெச்சிருக்காருங்க. அவர் வாயாலயே கேளுங்க."

மாஸ்டர் வந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, படிய வாரிய தலை. கழுத்தில் இஞ்ச் டேப்கூட இல்லை, அன்றைக்கு அவர் கம்ப்யூட்டர்க்காரர். என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்துவிட்டு டிராயரைத் திறந்தார். மூலையைப் பார்த்தார். எல்லாப் பிளாப்பிகளையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"என்ற பிளாப்பியக் காணோமுங்களே."

உதவி செய்கிற குணம் எனக்கு இயல்பிலேயே உண்டு. "அதுல என்ன பேர் எழுதியிருந்தீங்க மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"வேறென்னங் கண்ணு எழுதப் போறேன். என்ற பேருதானுங்க. காளியப்பன்னு முழுசா எழுத எடம் பத்தலீங்க. காளின்னு எழுதியிருந்தனுங்க."

ஏசி அறையில் எனக்கு வியர்த்தது.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. 'மாஸ்டர், தெரியாமல் அழித்துவிட்டேன்' என்று மூன்றே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"வைரஸ் வந்திருக்கும் சார்."

"வைரஸ்ஸா?" என்றார் முதலாளி.

"ஆமா சார். வைரஸ் வந்தா இருக்கிறதையெல்லாம் தின்னுரும்."

"பிளாப்பியையே தின்னுருமா?" என்று கேட்டார் உமா மேடம். தகடோடு, லேபிளோடு ஒரு பிளாப்பியைத் தின்னும் வைரஸ் எப்படிப்பட்டது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. தரையைப் பார்த்தேன். தரை கிரானைட், பிளக்கவில்லை.

ஆனால் முதலாளி கலங்கவில்லை. சிரித்தார். "மேடம், எதுக்கும் கவலைப்படாதீங்க. இந்த மாதிரி வருமுன்னு நேத்தே எங்க அம்மிணி ஒண்ணு ரெடி பண்ணி வெச்சிருச்சு. செத்ததையும் எழுப்பிரும்!" என்று சொல்லிவிட்டு ஓடினார். எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப் போய்த் தடுக்க வேண்டும்போல இருந்தது. முருகன் காலடியில் இருந்ததை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"போடு அம்மிணி. மேடம் பாக்கட்டும்."

லேபிளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வாங்கினேன். செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வழக்கமாக வரும் மேகமும் வண்ணமும் வரவில்லை. திரை கறுப்பாக இருந்தது. வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. பிறகு ஓட்டம் நின்று, 'ஏ' என்ற ஓர் ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் மட்டும் மினுக் மினுக் என்று கண்சிமிட்டின. அடுத்து என்ன செய்வது? கனகாம்பரம் நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

"எந்திரிச்சுருச்சா?" என்றார் முதலாளி.

"எழுந்திரிச்சிட்டிருக்கு சார்."

நாலு பேரும் கண்சிமிட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி கறுப்பு. மூன்றாவது தடவை. மறுபடி கறுப்பு. "நல்லாத்தானே இருந்துச்சு, எமர்ஜென்சி போட்டதுக்கப்புறந்தான படுத்துருச்சு" என்று முதலாளி முணுமுணுத்தார். பிளாப்பி உள்ளே இருக்கும்வரை இது இப்படித்தான் வரும் என்ற எளிய உண்மைகூட எனக்குத் தோன்றவில்லை. உமா மேடம் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, பொத்தானை அமுக்கினார். பிளாப்பி டக்கென்று வெளியே துள்ளியது. அதை எடுத்து மேஜையில் வைத்தார்.

லேபிள் மேலே பார்த்தபடி கிடந்தது. சந்தனம், குங்குமம், சிவப்பில் 'எமர்ஜென்சி', அதற்கு மேலே நீலத்தில் 'காளி', அதில் 'ளி' அடிக்கப்பட்டு, மேலே என் அழகான 'லி'.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏங் கண்ணு, என்ற பேரு தப்புங்களா?" என்றார்.

உண்மையாகவே சந்தேகமாகக் கேட்டார். படித்த பெண் திருத்தியிருக்கிறாளே, ஒருவேளை இத்தனை வருடமாக நாம்தான் தப்பாக எழுதிக்கொண்டிருக்கிறோமோ என்பதுபோல. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்ல மாஸ்டர். காலின்னு நெனச்சு அழிச்சிட்டேன் மாஸ்டர். வைரஸெல்லாம் இல்ல மாஸ்டர்" என்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் பிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மூன்று சாம்பிள் சட்டைகளோடு திரும்பி வந்தார்.

"மேடம், பேப்பர்ல எழுதிக்கறீங்களா? மனசுல இருக்குறதச் சொல்றனுங்க."

ரெண்டு வயசு, நாலு வயசு, ஆறு வயசு என்று சைஸ் சைஸாக அளவுகளைச் சொல்லத் தொடங்கினார். உமா மேடம் எழுதுவதற்குள் அடுத்தது வந்தது. சந்தேகம் கேட்ட இடங்களில் சாம்பிளை விரித்து அளந்து காட்டினார். எட்டு வயது வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. பத்து வயதில் கழுத்து அளவைச் சொல்லி, பிறகு மாற்றிச் சொன்னார். பன்னிரண்டில் நின்றுவிட்டார். "பெரிய சைஸு ரெண்டும் ரெண்டு நாள் கழிச்சுத்தானுங்க சரியாச் சொல்ல முடியும். தப்பாச் சொல்லக் கூடாதுங்க" என்றார்.

சாயந்திரம் பதில் வந்தது. சின்ன சைஸ்கள் எங்களுக்கு. பெரிய சைஸ்கள் வேறு கம்பெனிக்கு. முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "நாளைக்கு வா அம்மிணி. ஆனா ஏதாச்சும் காப்பாத்தணுமுன்னு தோணுச்சுன்னா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்பா குளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"ஏளா, சங்கதி கேட்டியா? டீக்கடைல பேசிக்கிட்டாவ. ஏதோ ஒரு கம்பெனில ஒரு பொட்டப்புள்ள கம்ப்யூட்டரக் காப்பாத்துதேன்னு சொல்லி, மாஸ்டரோட பத்து நாள் வேலைய மொத்தமா அழிச்சிட்டாளாம். அழிச்சிட்டு வைரஸ் தின்னுட்டுன்னு சொன்னாளாம்!"

அம்மா வாயில் கையை வைத்தாள். "அடப்பாவி. அந்தப் புள்ளயப் பெத்தவ என்ன லட்சணத்துல வளத்தாளோ!"

"அவ அப்பன் ஒரு வெறும்பயலாத்தான் இருப்பான்" என்றார் அப்பா.

நான் நிமிரவே இல்லை. அம்மாதான் என் தட்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி…" என்றாள். அப்பாவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. பிறகு அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்பா இன்றைக்கும் யாராவது புது ஆளிடம் தம்மை அறிமுகப்படுத்தும்போது, "நான் வெறும்பயல், இது எம்மவ" என்பார். அவர்களுக்குப் புரியாது, நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம்.

அடுத்த வாரம் முழுவதும் சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் சார்ட்டை மறுபடி அடித்தேன். நீங்களே அடியுங்கள் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். "வேண்டாங் கண்ணு. எனக்கு இந்த டேப்பு போதுமுங்க" என்றார். நான் அங்கே வேலை பார்த்த அடுத்த ஐந்து வருடத்தில் அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பதினோரு நாளில் ஏழாம் எண் இருக்கும் இடத்தைப் பார்க்காமலே தட்டப் பழகியிருந்தார் அந்த மனிதர். நான் அழித்தவற்றில் திரும்பக் கிடைக்காதது அதுதான்.

என் கல்யாணப் பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் புள்ளைங்களா? உங்களப் பத்தி எங்கூட்டுல பேசாத நாளில்லீங்க. அன்னிக்குக் கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்து இவரு அடிச்சதையெல்லாம் தின்னுருச்சாமா. நீங்கதான் சோறு தண்ணி பாக்காம ஒரு வாரம் ஒக்காந்து, எல்லாத்தையும் மறுபடியும் அடிச்சுக் குடுத்தீங்களாமா. எங்க பசங்க இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, பிளாப்பியையே முழுங்குன வைரஸ்ஸுன்னு!"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க அக்கா, உண்மைல என்ன நடந்துச்சுன்னா…" என்று ஆரம்பித்தேன்.

"காப்பி ஆறுதுங் கண்ணு. குடிங்க" என்றார் காளியப்பன் மாஸ்டர்.

குடித்தேன்.